தண்டவாளம் முடிந்த இடத்துக்கு அப்பால்

மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் பிரயாணிகள், வாசலைத் தேடி விரையும் அவசரத்தில் ஒன்றைக் கவனிப்பதில்லை. கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தூரம் தென்னந்தோட்டங்களையும் குளங்களையும் காடுகளையும் ஊடறுத்து வந்த தண்டவாளங்கள், அந்நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் கல்முனை. அதற்கப்பால் காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரை நெடுகிலும் ஊர்கள். அவற்றுள் எதற்கும் புகையிரதம் இல்லை. அம்பாறை மாவட்டம் முழுவதையும் சல்லடையிட்டுத் தேடினாலும் பிரயாணிகள் ஏறிச் செல்லத்தக்க இருப்புப்பாதை ஓர் அடியும் அகப்படாது.

நிலையமில்லாத ஒரு பட்டினத்தின் கதையைப் புகையிரதத்தைக் கொண்டு சொல்லப் புகுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் கல்முனையை அறிந்தவர்கள் இதனை வேடிக்கை என்று தள்ளிவிடமாட்டார்கள். வேறோர் ஊரில் வந்து நிற்கும் வண்டியின் நேரத்தைக் கணக்கிட்டே தன் கடைத்தெருவையும், தபாலையும், கொழும்புப் பிரயாணத்தையும் நெடுங்காலம் ஒழுங்குசெய்துகொண்ட ஊர் அது. அந்த வண்டி ஏன் தன்னிடம் வரவில்லை என்ற கேள்வியை அவ்வூர் இன்னும் கைவிட்டபாடில்லை.

நிலத்தின் கிடக்கை

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைக்கு அருகே வரை, 50 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்தில் கடலுக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டை எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் படும் பக்கம். திசைகாட்டி இல்லாமலே ஊரைப் பிரித்துக்கொண்ட இந்தப் பெயர்களுக்கு ஈடாக நில அளவையாளர் எவரும் இதுவரை நல்ல பெயர் சூட்டியதில்லை.

வாவி முடிகிற இடத்தில், பழைய கரைவாகுப்பற்றில், கல்முனை அமைந்திருக்கிறது. பெயரிலே கல்லும் முனையும் உண்டு. வந்து பார்ப்பவருக்கு முதலில் தென்படுவது மணலும் தென்னையுமே. வடக்கே பெரிய நீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, நடுவே கல்முனையும் கல்முனைக்குடியும், தெற்கே சாய்ந்தமருது. மேற்குப் புறத்தில் நற்பிட்டிமுனையும் சேனைக்குடியிருப்பும். ஒன்றின் வேலியில் மற்றதன் வேலி முட்டிக்கொண்டிருக்கும் இவ்வூர்களில் தமிழர் ஊர் எங்கே முடிகிறது, முஸ்லிம்களின் ஊர் எங்கே தொடங்குகிறது என்பதை வெளியூரார் பள்ளிவாசலின் மினாராவையும் கோயிலின் கோபுரத்தையும் கொண்டுதான் அறிய வேண்டும்.

கிழக்கே கடல். மேற்கே வயல். இரண்டுக்கும் இடையில் பல இடங்களில் ஒரு மைல் அகலமும் இல்லை. அந்த ஒடுங்கிய மேட்டுநிலத்தில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். மருதமுனையின் தெருக்களில் நடப்பவருக்குத் தறியோசை கேட்கும். அவ்வூர்ச் சாரனுக்கும் சேலைக்கும் நாடெங்கும் பெயருண்டு. கடற்கரையில் கரைவலை இழுப்பார்கள். மேற்கே சம்மாந்துறை வரையும் அதற்கப்பாலும் நெல். நெய்தலும் மருதமும் அடுத்தடுத்த வளவுகளாக அமைந்த நிலம் இது என்றால் இலக்கணம் படித்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

இத்தகைய ஊரின் குறை விளைச்சலில் இருந்ததில்லை. விளைந்ததை எப்படி வெளியே அனுப்புவது என்பதே அதன் பழைய கவலை.

வண்டியும் தோணியும் கப்பலும்

இலங்கையில் முதற்புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசம்பரில் அம்பேபுசை வரை ஓடியது. 1867இல் கண்டியை அடைந்தது. கோப்பி மலைக்கு ஏறியது. பின்பு தேயிலை மலைக்கு ஏறியது. தென்கரையோரமாக 1895இல் மாத்தறைக்கும், வடக்கே 1905இல் யாழ்ப்பாணத்துக்கும், 1914இல் தலைமன்னாருக்கும் சென்றது. கிழக்கை நோக்கி மட்டும் அது நெடுங்காலம் தலைதிருப்பவில்லை. காரணம் தேட வேண்டியதில்லை. ஆங்கிலேயர் இருப்புப்பாதை இட்டது பெரும்பாலும் ஏற்றுமதிப் பண்டத்தைக் கப்பலுக்குக் கொண்டுசேர்ப்பதற்காக. நெல் ஏற்றுமதிப் பண்டமன்று.

அக்காலத்தில் கல்முனையார் கொழும்புக்குப் போவதற்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று கடல்வழி: இலங்கையைச் சுற்றிவந்த ‘லேடி ஹெவ்லொக்’, ‘லேடி கோர்டன்’ முதலான நீராவிக் கப்பல்களில் மட்டக்களப்பிலே ஏறிக்கொள்வது. மற்றொன்று பிபிலை வழியாக ஊவா மலைக்கு ஏறும் நெடும்பாதை. அந்தப் பாதையில்தான் முஸ்லிம் வியாபாரிகள் பொதிமாட்டுத் தவளங்களில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிச் சென்று, மலைநாட்டுப் பண்டங்களோடு திரும்பினார்கள். மூன்றாவது, போகாமலே இருந்துவிடுவது. பெரும்பாலோர் இந்த மூன்றாவதையே மேற்கொண்டார்கள் என்று தோன்றுகிறது.

1892இல் காரைதீவிலே பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று, ஆசிரியர் பயிற்சிக்காகக் கொழும்பு சென்றவர் விபுலாநந்த அடிகள். அவர் வாலிபராகப் புறப்பட்ட நாளில் கிழக்கிலிருந்து தலைநகருக்குப் புகையிரதம் இல்லை என்பதை நினைத்துப் பார்க்கும்போது, அவருடைய கல்விப் பயணத்தின் நீளம் வேறுவிதமாகத் தெரிகிறது.

மட்டக்களப்புக்குப் போவதே அந்நாளில் சிறிய காரியமன்று. மாட்டுவண்டியில் இரவு முழுவதும் மணற்பாதையில் சென்று, கல்லடியில் வாவியைப் படகிலே கடக்க வேண்டும். நெல்மூடைகள் வாவி வழியே தோணிகளில் சென்றன. கல்லடியில் இரும்புப் பாலம் 1924இலேயே அமைந்தது. அன்றைய தேசாதிபதி மானிங் துரையின் மனைவியார் பெயரால் அது லேடி மானிங் பாலம் எனப்பட்டது. எழுவான்கரைக்கும் மட்டக்களப்புப் பட்டினத்துக்கும் அதுவே முதற்பிணைப்பு. பாலம் வந்ததைத் தொடர்ந்து புகையிரதமும் வந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்திருப்பின் அவர்களைக் குறைகூற முடியாது.

காட்டுக்குள் வந்த பாதை

புகையிரதம் வரத்தான் செய்தது. மாகோவில் வடபகுதிப் பாதையிலிருந்து பிரிந்து, கல்ஓயாச் சந்தியில் இரண்டாகி, ஒரு கிளை 1927இல் திருகோணமலையையும் மற்றொன்று 1928இல் மட்டக்களப்பையும் அடைந்தது. இங்கே வாசகர் ஒரு மயக்கத்தைத் தவிர்க்க வேண்டும். கல்ஓயாச் சந்தி என்பது வடமத்திய காட்டுப்புறத்து ஊர். நம் பக்கத்துக் கல்லோயாவோ, பட்டிப்பளையாறு என்ற பழம்பெயருடைய ஆறு. இங்கினியாகலையில் தேங்கிச் சேனநாயக்க சமுத்திரமாகி, எஞ்சியது கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. பெயர் ஒற்றுமையை நம்பி அம்பாறைக்குப் போக அச்சந்தியில் இறங்குபவர் இருட்டிலே நிற்க நேரிடும்.

பொலன்னறுவையைத் தாண்டி மன்னம்பிட்டியில் மகாவலிக்கும், ஓட்டமாவடியில் உப்பாற்றுக்கும் இட்ட இரும்புப் பாலங்கள், புகையிரதத்துக்கும் மற்ற வாகனங்களுக்கும் பொதுவானவை. வண்டி வரும்போது லொறிகளும் மாட்டுவண்டிகளும் இரு புறமும் காத்து நிற்கும். இடையில் புனாணைக் காடு. அக்காட்டுத் தெருவில் மனிதரைக் கொன்று திரிந்து, 1924இல் சுடப்பட்ட சிறுத்தை இன்றும் கொழும்பு நூதனசாலையில் கண்ணாடிக் கண்களோடு நிற்பதைப் பலர் கண்டிருப்பர். இப்பாதை எவ்வகை நிலத்தினூடாக வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மட்டக்களப்போடு பாதை ஏன் நின்றது? மாவட்டத்தின் தலைநகரம் அது. கச்சேரி அங்கே இருந்தது. அரசாங்கத்தின் கணக்கு அதோடு தீர்ந்தது. மேற்கொண்டு செல்வதானால் வாவியைக் கடக்க வேண்டும், அல்லது வாவியைச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு என்பது எம் எண்ணம். தண்டவாளம் கிழக்குக்கு வந்த அதே காலத்தில் மோட்டார் பஸ்ஸும் லொறியும் வந்துவிட்டன. லொறி ஓடத் தெரு போதும். தெரு ஏற்கனவே இருந்தது. அறுபது ஆண்டு தாமதமாக வந்த புகையிரதம், இன்னும் 25 மைல் வருவதற்குள் அதன் காலம் மாறிவிட்டது.

அவசரகாலக் கச்சேரி

அந்த 25 மைலின் அருமை நாட்டுக்குத் தெரிந்த ஒரு காலம் உண்டு. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் கையில் வீழ்ந்தது. இலங்கைக்கு அரிசி வரும் வழி அடைபட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும் 9ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு வீழ்ந்தது. அதே 9ஆம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ‘ஹெர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அதுவரை ஒதுக்கமாகக் கிடந்த கரைவாகுவின் வயல்கள் திடீரென்று தேசத்தின் கண்ணுக்குத் தெரிந்தன. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டு, அதன் உதவி அரசாங்க அதிபராக ஏ. எம். ஏ. அஸீஸ் அனுப்பப்பட்டார்.

யாழ்ப்பாணத்திலே பிறந்த அஸீஸ் அவர்கள், சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். பின்னர் கொழும்பு ஸாகிறாக் கல்லூரியின் அதிபராகவும், ‘இலங்கையில் இஸ்லாம்’ என்ற நூலின் ஆசிரியராகவும் பெயர்பெற்றார். நெல்லைப் பெருக்க வந்தவர் இங்கே வேறொன்றையும் கண்டார்: வயலிலே செல்வமும் பள்ளிக்கூடத்திலே வறுமையுமாக ஒரு சமூகம். 1945இல் அவர் முன்னின்று தொடங்கிய முஸ்லிம் கல்விச் சகாயநிதிக்கு வித்து கல்முனையில் விழுந்தது என்று சொல்வது மிகையாகாது. விபுலாநந்த அடிகளோடு அவர் அளவளாவியதும் இந்நாட்களிலேயே. யுத்தம் முடிந்தது. பர்மாவிலிருந்து அரிசி மீண்டும் வந்தது. வயல்களை மறந்தது போலவே 25 மைலையும் நாடு மறந்தது.

கோச்சி பிடித்தல்

எம்முடைய சிறுபிராயத்தில், 1960களில், எங்கள் வீட்டில் கொழும்புப் பிரயாணம் என்றால் அது மத்தியானத்திலேயே தொடங்கிவிடும். இரவுத் தபால் வண்டியைப் பிடிக்கப் பிற்பகல் பஸ்ஸில் ஏற வேண்டும். தகரப்பெட்டி பஸ்ஸின் கூரைக்குப் போகும். சோற்றுப்பொதி மடிக்கு வரும். கல்முனைச் சந்தியில் ஏறியவர் பாண்டிருப்பு, மருதமுனை, நீலாவணை, பெரிய கல்லாறு, கோட்டைக்கல்லாறு, ஓந்தாச்சிமடம், களுவாஞ்சிகுடி, களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம், தாழங்குடா, ஆரையம்பதி, காத்தான்குடி என்று ஒவ்வொன்றாகக் கடந்து கல்லடிப் பாலத்தை அடைய வேண்டும். மூன்று மொழிகளில் மஞ்சட் பலகையில் எழுதி மேடையிலே நாட்டத்தக்க பெயர்கள் இவை. எழுதுவாரில்லை.

ஒருமுறை மூத்தம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு அழைத்துச் சென்றார்கள். மார்கழி மாதம். கல்லாற்றுப் பக்கத்தில் தெருவின் மேலே வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நின்று நின்று சென்று நாங்கள் நிலையத்தை அடைந்தபோது வண்டியின் கடைசிப் பெட்டியின் விளக்கு தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தது. வாப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அந்த விளக்கைக்கூடக் கண்டிராத மூத்தம்மா, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “போகட்டும் மகன், கோச்சி நாளைக்கும் வரும்தானே” என்றார். வாங்கிலே இரவைக் கழித்தோம். கொழும்பில் குறித்துக் கொடுத்திருந்த நாள் தவறிப்போயிற்று; மறு நாள் குறிக்க மூன்று மாதம் சென்றது. பெரிய துயரமென்று இதனைச் சொல்லவரவில்லை. இப்படி ஒரு கதை இல்லாத வீடு எங்கள் கரையில் அரிது என்பதற்காகவே சொன்னோம்.

பத்திரிகையும் அப்படித்தான் வந்தது. கொழும்பில் அச்சாகி, இரவு வண்டியில் மட்டக்களப்புக்கு வந்து, பஸ்ஸில் ஏறிக் கடைத்தெருவை அடையும் கட்டை அவிழ்க்கும்வரை, வாரப்பதிப்பில் தம் கவிதை வந்ததோ இல்லையோ என்று காத்து நின்ற இளைஞர்கள் பலர். கல்முனை அக்காலத்தில் கவிஞர்களின் ஊராக இருந்தது. 1975இல் மறைந்த நீலாவணன் பெரிய நீலாவணையைச் சேர்ந்தவர், எம். ஏ. நுஃமான் கல்முனைக்குடியைச் சேர்ந்தவர். வாழ்க்கைப் பயணத்தைப் பற்றி நீலாவணன் பாடிய பிரசித்தி பெற்ற கவிதை ஒன்று, ஒரு வண்டிக்காரனை விளித்துப் பாடியதாகும். புகையிரதச் சாரதியை விளித்துப் பாட இக்கரையில் பிறந்த கவிஞனுக்குத் தோன்றாமல் போனது இயல்பே.

கடல் எடுத்த நிலம்

போர்க்காலத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. மட்டக்களப்புக்கே வண்டி வராத ஆண்டுகள் பல சென்றன. அந்நாளில் கல்முனையார் அம்பாறை, மகாஓயா, மகியங்கனை, கண்டி வழியாக இரவு பஸ்ஸில் போகப் பழகிக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் பின்பும் நீங்கவில்லை.

2004 டிசம்பர் 26 காலை, கடல் ஊருக்குள் வந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமற் போயின. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இத்துணை உயிர்ச்சேதம் இல்லை. அதே காலையில் தெற்கே பெரலியவில், கரையோரப் பாதையில் நின்றுகொண்டிருந்த புகையிரதம் ஒன்றை அலை புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதிலே இறந்தார்கள். புகையிரதம் இல்லையே என்று ஏங்கிய ஊரார் அச்செய்தியைக் கேட்டபோது என்ன நினைத்தார்கள் என்று எவரும் கேட்டெழுதவில்லை. கேட்க அன்று யாருக்கும் நேரமில்லை.

கடலோரத்தை விட்டு விலகிக் குடியிருக்க வேண்டும் என்றது அரசாங்கம். எங்கே விலகுவது? மேற்கே ஒரு மைலில் வயல் தொடங்குகிறது. சில இடங்களில் அவ்வயலை மண்ணிட்டு நிரப்பியே மாடிக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. கல்முனையின் எல்லையைப் பற்றி எழும் சச்சரவுகள் பலவற்றுக்கும், மேலே என்ன பெயர் எழுதியிருந்தாலும், அடியிலே கிடப்பது இந்த மேட்டுநிலப் பஞ்சமே. மக்கள் பெருகுகிறார்கள்; மணற்றிட்டு பெருகுவதில்லை.

வழி எங்கே?

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை பாதையை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை பழையது. தேர்தல் காலங்களில் புதிதாகும். அதனை ஏளனம் செய்வது எம் நோக்கமன்று. ஆனால் படத்தை விரித்து, பாதை எங்கே செல்லும் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் பேசுபவர்கள் பலர் தயங்குவார்கள்.

இரண்டு வழிகளே உண்டு. கல்லடியில் வாவியைக் கடந்து எழுவான்கரையோடு வருவது ஒன்று. 1928இல் அது எளிதாக இருந்திருக்கும். தென்னைகளை வெட்டினால் போதும். இன்று அதே கோட்டில் வீடுகளையும், பள்ளிக்கூடங்களையும், பள்ளிவாசல்களையும், கோயில்களையும் இடிக்க வேண்டும். மற்றது, ஏறாவூருக்கு வடக்கே செங்கலடியருகில் பிரிந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரையினூடாக இறங்கி, சம்மாந்துறைப் பக்கமாகக் கல்முனையின் முதுகுப்புறத்தை அடைவது. வீடு இடியாது. ஆயினும் அது வெள்ளத்தின் வழி. வடகீழ்ப் பருவத்தில் மேற்கு மலைச்சாரலின் நீரெல்லாம் அந்த வயல்களில் படர்ந்தே வாவிக்கு வருகிறது. குறுக்கே நெடுகிலும் மண்ணணை இட்டு அதன்மேல் தண்டவாளம் போட்டால், போதிய மதகுகள் இல்லாவிடில் அணைக்கு மேற்கேயுள்ள வயல் குளமாகும். நாம் இந்த இரண்டாவது வழியையே விரும்புகிறோம். ஆனால் அவ்வயற்காரரைக் கேட்காமல் கோடு கிழிப்பவர்களை விரும்பவில்லை. பாலமாகவும் மதகாகவும் எழும்பும் பாதைக்கு மண்ணணையைவிட மிகுந்த பணம் செல்லும். அந்தப் பணத்தைக் கணக்கிட்டுச் சொல்லாத வாக்குறுதி வாக்குறுதியன்று.

முடிவிடத்திலிருந்து பாதை நீள்வது நடவாத காரியமுமன்று. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறுகிறது. பன்னிரண்டு நாளும் தூரத்து ஊரார் பஸ்ஸிலும் வானிலும் வந்து குவிகிறார்கள். அந்த நாகூருக்கோ நெடுங்காலமாகப் புகையிரதம் உண்டு. அதுவும் முடிவிடமாகவே இருந்தது. 2011இல் காரைக்கால் வரை பாதையை நீட்டினார்கள். நம் நாட்டில் 1895 முதல் முடிவிடமாக இருந்த மாத்தறையிலிருந்து பெலியத்தை வரை, ஏறத்தாழ 27 கிலோமீற்றர், 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மாத்தறைக்கு அப்பாலுள்ளவர்கள் காத்திருந்தது 124 ஆண்டுகள். அதே கணக்கை மட்டக்களப்புக்கு வைத்தால் 2052 வருகிறது. கணக்கு விளையாட்டுத்தான், ஆயினும் கல்முனையில் இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் குறைவு.

இதற்கிடையில் தெருக்கள் தம் வழியைத் தாமே பார்த்துக்கொண்டன. 2007இல் மன்னம்பிட்டியிலும், 2010இல் ஓட்டமாவடியிலும் வாகனங்களுக்கென்று தனிப்பாலம் அமைந்தது. வண்டிக்காக லொறி காத்து நிற்கும் காட்சி மறைந்தது. 2013இல் கல்லடியில் லேடி மானிங் பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையது இன்னும் நிற்கிறது. மாலை வேளையில் அதன்மேல் மக்கள் காற்று வாங்குகிறார்கள்.

இரவு வண்டி மட்டக்களப்பை அடையும் வைகறையில் நிலையத்துக்கு வெளியே நின்று பார்த்தால், எழுவான்கரையார் இன்னும் பிரயாணத்தை முடிக்கவில்லை என்பது தெரியும். தூக்கக் கலக்கத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பஸ்ஸை நோக்கி நடக்கிறார்கள். பஸ்ஸின் மிதிபலகையில் நிற்கும் பையன், நிலையத்தின் ஒலிபெருக்கி சொல்லாத பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருக்கிறான்: காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை, கல்முனை, கல்முனை.